இருப்பில் இல்லாத இருபத்தாறு குழிகள்

தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் என்றால் தஞ்சாவூரில் வரன் அமைவது கஷ்டம். என்னைப் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளை காபியைக் கையில் வாங்கிக்கொண்டே, "வீட்டுக் கணக்கையும் பாப்பாங்களா?" என்று என் அப்பாவிடம் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். கல்யாணத்துக்கு முன்பே கணக்குக்குப் பயப்படுகிற ஆளிடம் என்னவோ இருக்கிறது.

எங்கள் வேலை இதுதான். அரசாங்கப் பணம் ஊராட்சிகளுக்குப் போகும். அது எப்படிச் செலவானது என்று நாங்கள் போய்ப் பார்ப்போம். சரியில்லை என்று பட்டால் எழுதிவிட்டு வருவோம். அதற்குத் தணிக்கைத் தடை என்று பெயர். தடை நீங்கும்வரை அந்தப் பணத்துக்கு ஊராட்சித் தலைவர்தான் பொறுப்பு. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் சொந்தப் பணத்தில் இருந்து கட்ட வேண்டும். ஆகவே எங்களைக் கண்டால் ஊரே எழுந்து நின்று இளநீர் வெட்டும். எனக்கு இளநீர் பிடிக்கும். அதைக் குடிக்க முடியாமல் செய்தவர் எங்கள் அதிகாரி.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். நேர்மையானவர். இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை; அவரோடு கேம்ப் போனவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தண்ணீர் பாட்டிலும் தயிர்சாதமும் வீட்டில் இருந்தே வரும். வெயிலாக இருக்கிறதே, இப்படி மரத்தடியில் நில்லுங்கள் என்றால், "இது யாரு மரமுங்க?" என்று கேட்பார். இரண்டு கட்சி ஆட்சியிலும் அவரை ஊர் ஊராக மாற்றிப் பார்த்துவிட்டார்கள். மேற்கில் இருந்து தள்ளித் தள்ளி, இதற்கு மேல் தள்ளினால் கடல்தான் என்ற இடத்தில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார்.

பல வருடம் நடக்காமல் இருந்த ஊராட்சித் தேர்தல் நடந்து முடிந்து, பெண்களும் காலனிக்காரர்களும் தலைவர் நாற்காலியில் உட்கார ஆரம்பித்த புதிது. குடவாசல் பக்கம் ஒரு சின்ன ஊராட்சிக்குக் காலனியில் இருந்து ஒரு பெண் தலைவராக வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கணவர் இல்லை. அதுவரை நடவு ஆட்களுக்குத் தலைமை வகித்தவர். ஊராட்சிக் கூட்டத்தையும் நடவு மாதிரியேதான் நடத்துவார். யாராவது வரிசையை விட்டு விலகிப் பேசினால் பெயர் சொல்லி அதட்டல் விழும்.

அந்தக் காலனிக்கு இடுகாடு உண்டு, இடுகாட்டுக்குப் பாதை கிடையாது. நடுவில் இருப்பதெல்லாம் ஒரே நிலக்காரரின் வயல். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக்கரையை மாற்றிக்கொள்கிறவர் அவர். இரண்டு கரை வேட்டியும் எப்போதும் துவைத்து மடித்துத் தயாராக இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். முந்தின வருடம் காலனிக்காரர்கள் ஒரு பிணத்தை ரோட்டிலேயே வைத்து மறியல் செய்ய, தாசில்தார் ஓடிவந்து பேச, நிலக்காரர் பாதைக்காக முப்பது குழி நிலத்தை ஊராட்சிக்கு விற்க ஒப்புக்கொண்டார். தலைவர் அன்றைக்கே அச்சாரம் கொடுத்துவிட்டார். மீதிப் பணத்தைக் கட்டிப் பத்திரம் முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் டெல்டாவில் நிலத்தைக் குழியாலும் மாவாலும்தான் சொல்வோம். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. ஊராட்சி எழுத்தர் பிறந்ததில் இருந்து குடவாசலைத் தாண்டி வசிக்காத மனிதர். அவர் வவுச்சரில் இப்படி எழுதியிருந்தார்: "இடுகாட்டு வகையில் முப்பது குழிக்கு அச்சாரம்."

தணிக்கைக்குப் போன அன்று நான் லீவு. தரங்கம்பாடியில் என் தம்பிக்குக் கல்யாணம். எங்கள் லுத்தரன் சபைக் கல்யாணத்தில் பாட்டென்றால் ஒரு சரணத்தையும் விடாமல் பாடித் தீர்த்த பிறகுதான் தாலி. நான் அங்கே நின்று பாடிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் அதிகாரி இங்கே அந்த வவுச்சரைக் கையில் எடுத்திருக்கிறார். அவர் ஊரில் குழி என்றால் தோண்டுவது. அதிலும் இடுகாட்டில் குழி என்றால் வேறென்ன?

உடனே இறப்புப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது தடை டைப் ஆகிக் கையெழுத்தாகித் தபாலிலும் போய்விட்டிருந்தது. ஆபீஸ் நகலை நின்றபடியே படித்தேன்.

"மேற்படி ஆண்டில் ஊராட்சியில் இறந்தவர்கள் நால்வர் மட்டுமே. அவ்வாறிருக்க, முப்பது குழிகளுக்கு முன்பணம் வழங்கியதன் அவசியம் விளக்கப்பட வேண்டும். உபயோகிக்கப்படாத எஞ்சிய இருபத்தாறு குழிகள் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்படவில்லை. அவை தற்போது எங்கு, யார் பொறுப்பில் உள்ளன என்பது தெரிவிக்கப்பட வேண்டும்."

சிரிப்பை அடக்கப் பார்த்து இருமல் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு நின்றது. தடை இருக்கும்வரை மீதிப் பணத்துக்கு ஒன்றிய ஆபீஸ் பி.டி.ஓ. கையெழுத்துப் போட மாட்டார். நிலக்காரரோ வாக்கில் இருந்து நழுவ ஒரு சாக்கு எப்போது கிடைக்கும் என்று காத்திருப்பவர். மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் பத்திரம் முடியாவிட்டால், பாதையையும் சேர்த்து உழுது நட்டுவிடுவேன் என்று சொல்லியும் விட்டார். அப்புறம் அந்தப் பாதை கனவில்தான்.

நான் நேரே அதிகாரி அறைக்குப் போனேன். "சார், குழின்னா நில அளவு."

"ஏனுங்கம்மா, நீங்க எந்த ஊருங்க?"

"இந்த ஜில்லாதான் சார்."

"அதானுங்க. ஊர்ப்பாசம் இருக்கத்தான் செய்யும்" என்று கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மைக்கூட்டை எடுத்துக் கவிழ்த்திருப்பேன். அது அரசாங்க மைக்கூடு, அதற்கும் ஒரு தடை எழுதுவார் என்பதால் பேசாமல் வெளியே வந்தேன்.

ஊராட்சியில் இருந்து பதில் வந்தது. எழுத்தர் ரொம்ப யோசித்து எழுதியிருந்தார்: "தணிக்கையில் குறிப்பிட்டுள்ள குழி என்பது குழி அல்ல. குழி என்பது குழியே ஆகும் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." அதிகாரி அதன் ஓரத்தில் பச்சை மையில், "பதில் தெளிவாக இல்லை" என்று எழுதினார். அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் தலைவரே பஸ் ஏறித் தஞ்சாவூருக்கு வந்துவிட்டார். அதிகாரி மேசைக்கு முன்னால் நின்று, "சார், நீங்க ஒரு நடை வாங்க. முப்பதையும் கண்ணால பாத்துடுங்க" என்றார். தவறு செய்தவர்கள் தணிக்கையை வீட்டுக்கு அழைப்பதில்லை. அதிகாரிக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. சரி என்றார்.

நாங்கள் போன அன்று வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வரப்பை ஒட்டி முளைக்குச்சி அடித்து, வைக்கோல் பிரி கட்டிப் பாதையை அடையாளம் செய்திருந்தார்கள். நிலக்காரரும் வந்திருந்தார், அப்போதைய ஆட்சியின் கரை போட்ட வேட்டியில். அதிகாரி இரண்டு பிரிகளுக்கும் நடுவில் போய் நின்று சுற்றிலும் பார்த்தார். மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

"குழி எங்கீங்க?"

"நீங்க நிக்கறது மூணாவது குழி சார்" என்றார் தலைவர்.

அதிகாரி காலைப் பார்த்துக்கொண்டு ஒரு துள்ளுத் துள்ளி விலகினார். எழுத்தர் சட்டென்று வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன், ஆனால் என் தோள் குலுங்கியதை அதிகாரி பார்த்திருப்பார்.

பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி கணக்கைத் தலைவர் பொறுமையாகச் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பையில் இருந்து சொந்த டேப்பை எடுத்து, ஒரு நுனியை எழுத்தர் கையில் கொடுத்தார். அகலம் பன்னிரண்டடி சரி. அப்புறம் இடுகாட்டில் இருந்து ரோட்டை நோக்கி, குனிந்தபடி அளந்துகொண்டே போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலில் நின்று எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. மரம் நிலக்காரருடையது.

கடைசிக் குச்சிக்கு வந்ததும் நிமிர்ந்தார். நான் எழுதி வைத்திருந்ததை வாங்கிக் கூட்டினார், வகுத்தார். மறுபடி கூட்டினார். சம்பளக் கமிஷன் அறிவித்த நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"இருபத்தொம்பதுதானுங்க இருக்குது."

அப்போதுதான் நான் கவனித்தேன். பிரி முடிகிற இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் பன்னிரண்டடி மண் அப்படியே கிடந்தது. பாதை ரோட்டைத் தொடவே இல்லை.

"அது ரோட்டோரம் சார்" என்று நிலக்காரர் சிரித்தார். "அதை மட்டும் நான் வச்சுக்கறேன். ஒரு குழிதானே? போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

அத்தனை நேரம் கணீரென்று பேசிக்கொண்டிருந்த தலைவரின் குரல் இறங்கிவிட்டது. அதிகாரியைப் பார்க்கவில்லை, நிலக்காரரைத்தான் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் செத்தப்பவும் சொல்லத்தாங்க வந்தேன். ஐயா தூங்கறாங்கன்னாங்க. நீங்க எந்திரிக்கற வரைக்கும் அவரை மழையில வச்சுக்கிட்டு இந்த ரோட்டுலதான் நின்னோம். சொல்லிட்டுப் போறதுக்கு எதுக்குங்க பாதை?"

ஊராட்சிக் கணக்குகளில் நான் எத்தனையோ முறை இடுகாட்டு வகை என்று படித்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒரு மழை இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

அதிகாரி ஆறுதல் சொல்லத் தெரியாதவர். டேப்பைச் சுருட்டினார். "ஐயா, அச்சாரம் எத்தனை குழிக்கு வாங்குனீங்க?" என்று நிலக்காரரைக் கேட்டார்.

"முப்பதுக்கு."

"அப்ப ஒண்ணு எங்கீங்க?"

"சார், ஒரு குழி மண்ணுக்காகவா..."

"அரசாங்கப் பணமுங்க. ஒரு குழின்னாலும் குழிதானுங்க."

அவர் வாயில் குழி என்ற சொல் எங்கள் ஊர் அர்த்தத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. நிலக்காரர் அமைச்சர் பெயர் ஒன்றைச் சொன்னார். மாவட்டச் செயலாளர் பெயரைச் சொன்னார். அதிகாரி இரண்டையும் சிரத்தையாகக் குறித்துக்கொண்டு, "என்னைய இதுக்கு மேல எங்கீங்க மாத்துவாங்க?" என்று உண்மையாகவே கேட்டார்.

மறுநாளே புதுத் தடை தயாரானது. தன் தவறை ஒப்புக்கொள்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஆகவே இப்படி ஆரம்பித்தார்: "மேற்படி குழிகள் தரைக்கு மேல் அமைந்தவை எனத் தற்போது தெரிய வருகிறது." தொடர்ந்து, முப்பதில் ஒன்று குறைகிறது, அச்சாரம் வாங்கியவர் அதையும் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டியோடு வசூல், தவறினால் போலீஸ் புகார் என்று நாலு பக்கம். கலெக்டர் முதல் தாசில்தார் வரை நகல் போயிற்று. முப்பதையும் ஒப்படைத்தால் மீதிப் பணம் கொடுக்கலாம் என்று ஒரு வரியும் அதில் இருந்ததால் பி.டி.ஓ.வும் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த அதே வாரம், ரோட்டோரப் பன்னிரண்டடியையும் சேர்த்து முப்பது குழிக்கும் பத்திரம் முடிந்தது.

தலைவர் பத்திரத்தின் நகலோடு எங்கள் ஆபீசுக்கு வந்தார். அதிகாரி அதை வரி வரியாகப் படித்துவிட்டு, தடையை நீக்கிக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு உதவி" என்றார் தலைவர். "அதை எடுத்துடாதீங்க."

"எதையிங்க?"

"அந்தத் தடையை. நான் இன்னும் எத்தனை வருஷம் தலைவரா இருப்பேன்? அப்புறம் வரப்பை வருஷத்துக்கு அரையடி தள்ளி வெட்டுவாங்க. யாரு கேக்கறது? அது இருந்துச்சுன்னா வருஷா வருஷம் உங்க ஆபீஸ்லேருந்து யாராச்சும் வந்து, முப்பது குழி எங்கேன்னு கேப்பீங்கள்ல?"

அதிகாரி விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அந்த அறையில் தடையை நீக்கச் சொல்லி அழுதவர்கள் உண்டு, காலில் விழுந்தவர்கள் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. இப்படி ஒரு விண்ணப்பத்துக்கு விதிப்புத்தகத்தில் இடம் கிடையாது. அவர் பேனாவை எடுத்து எழுதினார்: "முப்பது குழிகளும் இருப்பில் உள்ளன. ஆண்டுதோறும் நேரில் அளந்து உறுதி செய்யப்பட வேண்டும். தடை நிலுவையில் வைக்கப்படுகிறது." அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

அவருக்கு அடுத்த மாற்றல் வந்தது. வருடா வருடம் டேப்பைத் தூக்கிக்கொண்டு குடவாசல் பஸ் ஏறும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான் ஓய்வு பெறும் நாளில், என் இடத்துக்கு வந்த பெண் நிலுவைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இத்தனை வருஷமா இந்த ஒரு தடையை முடிக்க முடியலையா மேடம்?"

"முடிச்சுடாதே" என்றேன்.