முயலுக்குத்தான் கொடுத்தோம்

எர்மெலிந்தா புட்டியைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைச் சந்தைக்கே கேட்கும்படி வாசிக்கிறாள்.

"'இதயக் குழாய் அடைப்பைக் கரைக்கும். பல்கலைக்கழகம் நிரூபித்தது.' யாருக்குக் கரைச்சுதாம்? எவன் பார்த்தான்? முயலுக்குய்யா, முயலுக்குத்தான் கொடுத்தோம்!"

வாங்க வந்தவர் கையை இழுத்துக்கொள்கிறார். மூலிகைக் கடைக்காரி கசில்டா தலையில் கை வைத்துக்கொள்கிறாள். அரேகிப்பா நகரச் சந்தையில் சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் இதுதான். "முயலம்மா வந்தாச்சு" என்று கறிக்கடைக்காரர்கள் கண்ணடித்துக்கொள்வது அவள் காதிலும் விழும். விழட்டும் என்று விட்டுவிடுவாள்.

ஐம்பத்து மூன்று வயது, குள்ளமான உருவம், வேகமான நடை. நகக்கண்களில் எப்போதும் ஊதாக் கறை. எலுமிச்சம்பழம் தேய்த்தால் சிவப்பாகுமே தவிரப் போகாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக உதவியாளர். மணி உதிர்த்த ஊதாச் சோளக் கட்டைகளை இடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, சாயத்தைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. கொழுப்புத் தீனி தின்ற முயல்களில் பாதிக்கு அந்தச் சாயத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து ஒவ்வொன்றின் பெரிய ரத்தக்குழாயையும் நீளவாக்கில் பிளந்து, கொழுப்பை மட்டும் சிவக்கவைக்கும் மையில் முக்கி, சிவந்த திட்டுகளை எண்ணியவள் எர்மெலிந்தா. சாயம் தின்ற முயல்களுக்குத் திட்டு குறைவு. குறைவு, அவ்வளவே. ஏற்கெனவே படிந்ததை அது கரைக்குமா என்று யாரும் பார்க்கவே இல்லை. பேராசிரியரின் கட்டுரையிலும் 'குறைந்தது' என்றுதான் இருந்தது. அந்தச் சாயத்தை மாத்திரையாக்கிப் புட்டியில் அடைத்த ஒரு மருந்துக் கம்பெனி அதைக் 'கரைக்கும்' என்று ஆக்கியது, முயல் என்ற சொல்லையே எடுத்துவிட்டது.

அவளுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் கோபம் ஆறுவதில்லை. அந்தச் சாய மாத்திரை கடைக்கு வந்த புதிதில், முதல் புட்டியை வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவள் அவளேதான். ஞாயிற்றுக்கிழமைப் பன்றிக்கறிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, "இது என் கைவேலை, தெரியுமா?" என்றாள். லேபிளை அன்றைக்குச் சரியாகப் படிக்கவில்லை. தங்கை கணவன் பெனிக்னோ அதை உருட்டி உருட்டிப் பார்த்தான். மினிபஸ் ஓட்டுகிறவன். அடைத்த இதயக் குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்து அப்போது இரண்டு மாதம். ரத்தம் கட்டாமலிருக்க இரண்டு மாத்திரை, ஒரு வருடத்துக்கு ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவனுக்கோ வயிற்றெரிச்சல். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, வரிசையாக மூன்று புட்டி வாங்கித் தின்றான். யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு நாள், பஸ்ஸை நிறுத்தத்தில் ஓரங்கட்டியவன் ஸ்டியரிங் மேலேயே கவிழ்ந்தான்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. இனி பஸ் ஓட்ட முடியாது.

"ஏன் மாப்ள இப்படிப் பண்ணீங்க?" ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டாள்.

"உங்க ஆய்வுக்கூடத்துப் பேரு போட்டிருந்துச்சே அண்ணி. நீங்க பொய்யா சொல்லப்போறீங்க?"

அங்கிருந்து நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"அத நாம எழுதலையேம்மா," என்றார் அவர். "ஒரு வகையில நம்ம பேருதானே பரவுது."

"பரவட்டும் சார். சுடுகாடு வரைக்கும் பரவட்டும்."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள். மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினாள். வந்து சேர்ந்தது என்று முத்திரை குத்திய தாள் மூன்று கிடைத்தது. அதற்குப் பிறகுதான் இந்தச் சனிக்கிழமைகள்.

"ஏன்க்கா என் பொழப்புல மண்ணள்ளிப் போடறே? நானா எழுதினேன்?" என்பாள் கசில்டா.

"உன் புதினாவையும் பட்டையையும் நான் ஏதாவது சொன்னேனா? சோளத்த வாங்கிக் காய்ச்சி அண்டா அண்டாவாக் குடிக்கட்டும், நல்லாத்தான் இருக்கும். டாக்டர் மாத்திரைக்குப் பதிலா குடிச்சா செத்துடுவான்டி! இந்தப் புட்டிய மட்டும் உள்ள தூக்கி வை."

கசில்டா உள்ளே வைப்பாள். அடுத்த வாரம் அது வெளியே வந்திருக்கும்.

போன சனிக்கிழமை ஒரு பெரியவர் அந்தப் புட்டியோடு நின்றார். மணிக்கட்டில், ஸ்டென்ட் ஏற்றக் குழாய் நுழைக்கும் இடத்தில், ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி.

"ஸ்டென்ட்டா?" என்றாள்.

"ஆமா, போன வாரம் வச்சாங்க. உனக்கென்ன?"

"டாக்டர் கொடுத்த மாத்திரை சாப்பிடறீங்களா?"

"நேத்தோட நிறுத்திட்டேன். வயித்தப் பொசுக்குது. இது செடிதானே, ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாது! அதத்தான்யா நானும் வாரா வாரம் கத்தறேன்!"

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. முயல அறுத்தவ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பெரியவரின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை உருவினாள். அதிலிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தி, அவர் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அவர் முணுமுணுத்தபடி தலையை விலக்கினார். எர்மெலிந்தா இன்னொரு கையால் அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் யாராவது எடுக்கும்வரை அப்படியே நின்றாள்.