அடுப்புப் பக்கத்து ஃபேன்கள்

பலாங்கொடைக் கடையில் சாமான்களைப் பொறுக்கி வாங்கி, வீடியோ பார்த்து நானே பாகம் பாகமாகப் பூட்டிய கம்ப்யூட்டர் முதல் தடவை உயிர் பெற்றபோது நான் குதித்த குதியில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளே அதிர்ந்திருக்கும். உள்ளே மூன்று ஃபேன்கள். மூன்றும் நான் சொல்கிற வேகத்தில் சுற்றும். இந்த லயத்தில் என் சொல்லைக் கேட்கிற ஒரே கூட்டம் அதுதான்.

கேட்டதெல்லாம் காலையில் மட்டும். பின்னேரமானால் மூன்றும் சேர்ந்து ஊளையிடத் தொடங்கின. இன்டர்நெட்டில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் மாதிரி வகுப்பு எடுத்துக்காட்ட வேண்டும். தவறினால் கொழும்புக்குப் போய்த் துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான், அதற்கு எனக்குத் துளியும் மனமில்லை. ஒத்திகைக்காகத் தோழியைக் கூப்பிட்டால், "ஏன்டி, அங்க மழையா?" என்கிறாள். வெளியே வெயில் கொளுத்துகிறது!

சூடு இவ்வளவு ஏறினால் வேகம் இவ்வளவு என்று கம்ப்யூட்டரிலேயே ஒரு கோடு போட்டு வைக்கலாம். அந்தக் கோட்டைத் தாழ்த்தினேன், நீட்டினேன், வளைத்தேன். காலையில் பூனை, பின்னேரம் பேய். கடைக்காரருக்குப் போன் போட்டால் சிங்களத்தில் "பய வென்ன எப்பா நங்கி" என்கிறார். பயப்படாதே தங்கச்சி என்று சொல்ல அவருக்கென்ன, வேலை போகப்போவது எனக்கல்லவா!

வெள்ளிக்கிழமை பின்னேரம், பெட்டியின் பின்பக்க ஃபேனைப் பார்க்கக் குனிந்தவள் சுவரில் கை ஊன்றினேன். சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்காவின் விறகடுப்பு. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அவர் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற நேரமும், என் ஃபேன்கள் ஊளையிடுகிற நேரமும் ஒன்றேதான். வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டே ஓடினேன்.

"அக்கா, ஒங்க அடுப்புச் சூட்டுக்கு என் கம்ப்யூட்டருக்கு வேர்க்குதுங்க!"

அக்கா வந்து என் பக்கச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். பெட்டியை நகர்த்தவும் வழியில்லை. எதிர்ப்பக்கம் கூரை ஒழுகும், அங்கே வாளிதான் குடியிருக்கிறது.

"நாளைக்கு நீ கிளாஸ் முடிச்சுட்டுச் சொல்லு பாப்பா. அதுவரைக்கும் நான் அடுப்பு பத்த வைக்கல" என்றார்.

சனிக்கிழமை தூறல். அக்கா மலையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்ததைக் கதவு வழியே பார்த்தேன். வகுப்பு தொடங்கியது. ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் காட்டிப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன். ஃபேன்கள் மூச்சுக்கூட விடவில்லை. பாதி வகுப்பில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமினார். குளிரில் நடுங்கி, ஒரு வாய் தேத்தண்ணி இல்லாமல், எனக்காக உட்கார்ந்திருக்கிறாரே என்று நினைத்தேன். மூன்றில் இரண்டு எவ்வளவு என்பது எனக்கே ஒரு நொடி மறந்துவிட்டது.

முடிந்ததும் திரையில் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி ஐயா, "திங்கட்கிழமையிலிருந்து வாங்க. எந்த நேரம் வசதி?" என்றார்.

"காலையில எப்ப வேணும்னாலும் சரிங்க. பின்னேரம்னா, பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணி குடிச்சப்புறம்" என்றேன். அவர் முழித்தார். விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

சுவரில் ஓங்கித் தட்டினேன். "அக்கா! வேலை கெடச்சிருச்சு! பத்த வைங்க!"

கொஞ்ச நேரத்தில் சுவர் சூடேறியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஃபேன்களும் ஊளையிட்டன. கம்ப்யூட்டரில் அந்த வேகக் கோட்டை நான் தொடவேயில்லை. ஊளையிடட்டும் என்று விட்டுவிட்டு, மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டு அக்காவின் அடுப்படிக்கு ஓடினேன்.