படலையில் கட்டிய வேப்பிலை

மகனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலைக் கொத்துடன் வந்தார். அந்த மணத்தில் என் கழுத்து விறைத்தது.

விசுவமடுவில், எனக்கு ஏழு வயதில், காய்ச்சலோடு உடம்பில் புள்ளிகளும் வந்தன. அம்மை நோயாக அம்மாள் வந்துவிட்டாள் என்று அம்மா வாசல் படலையில் வேப்பிலை கட்டினார். அதைக் கண்டால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். சைக்கிளில் புடவை விற்கும் முஸ்லிம் வியாபாரி, நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுபவர், மட்டும் என் முனகலைக் கேட்டு வந்துவிட்டார்.

“மகள், நாடியை நெஞ்சில முட்டுங்கோ பாப்பம்.”

தாடை நெஞ்சைத் தொடும் அளவுக்கு என் கழுத்து மடங்கவில்லை.

“தங்கச்சி, இது அம்மாள் இல்லை, மூளைக்காய்ச்சல். என்ர பிள்ளையை நாங்கள் பிந்தித்தான் கொண்டுபோனனாங்கள்” என்று அம்மாவிடம் சொன்னவர், புடவை மூட்டையை முற்றத்தில் போட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தில் பிழைத்தேன்.

“நாடியை நெஞ்சில முட்டு பாப்பம்” என்றேன் மகனிடம். முட்டிவிட்டுச் சிரித்தான்.

உங்கள் பிள்ளைக்கு அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை, நானா. என் பிள்ளைக்கு நான் இருக்கிறேன்.