ஐந்து–இரண்டு, இடது

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. என் கையெழுத்தில் வெறும் எண்கள்: 3–3. 3–6. 6–0. நடுவில் ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு: ‘5–2, இடது.’ அந்த வரியால் என் அக்கா இரண்டு மாதம் தன் கணவருக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதைக் கிளறிவிட்ட பாவம் என்னுடையது.

எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் குடியிருந்தோம். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், அவள் கணவர் அத்திம்பேரும் எங்களோடுதான் இருந்தார். சாயங்காலமானால் இருவரும் கூடத்து மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டாமினோ ஆடுவார்கள். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு எண்களுக்கான புள்ளிகள் இருக்கும். மேஜையில் நீளும் வரிசையின் முனையில் எண் பொருந்தினால் கட்டையைச் சேர்க்கலாம். அத்திம்பேருக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்ததும், பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் அதே மாதிரி இன்னொரு டாமினோப் பெட்டி வாங்கிவந்தார். யாருக்கு எந்தக் கட்டைகள் என்று பிரித்துக்கொண்டார்கள். கடிதத்துக்கு ஒரு கட்டை, அதை இரண்டு ஊரிலும் அவரவர் மேஜையில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

கடிதம் அப்பா பெயருக்குத்தான் வரும். அவர் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து உரக்கப் படிப்பார். மாமனார் வாயால் படிக்கப்படும் கடிதத்தில் பெண்டாட்டிக்கு என்ன எழுத முடியும்? கடைசி வரியின் எண்கள் மட்டும்தான் அக்காவுக்கு. நான் நோட்டில் குறிப்பேன். அவள் கட்டையை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெரும்பாலான கட்டைகள் ஒரு முனைக்குத்தான் பொருந்தும் என்பதால் பக்கம் எழுதத் தேவையிருக்கவில்லை. ஒரு முனையில் ஐந்தும் மறுமுனையில் இரண்டும் இருந்ததால், ஐந்து–இரண்டு மட்டும் இரு முனைக்குமே பொருந்தியது. அக்கா ஒரு முனையில் வைத்துவிட்டு, ‘இடது’ என்று எழுதி அனுப்பினாள். பதிலுக்கு 5–1 வந்தது. எங்கள் மேஜையிலோ இரு முனையிலும் இரண்டு. ஐந்துக்கு இடமே இல்லை.

“அத்திம்பேர் கட்டையை எடுத்து வெக்கறதே இல்லை ஆக்கும். வாய்க்கு வந்த நம்பரை எழுதி அனுப்பறார்” என்றேன், பெரிய புத்திசாலி போல.

அக்கா வரிசையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். பதில் எழுதவில்லை. அடுத்த கடிதத்தின் அடியில் எண் இல்லை, ஒரு கேள்விக்குறி மட்டும். அதற்கும் அவள் எழுதவில்லை.

ஒருநாள் கொத்தவரங்காய் நறுக்க இடம் தேடி, யாரும் உட்காராத அத்திம்பேர் நாற்காலியில் உட்கார்ந்தேன். துணியை விலக்கினேன். ஐந்து–இரண்டு என் இடது கைப்பக்கம் இருந்தது.

“அக்கா, இது உனக்கு வலதுன்னா?”

“அவருக்கு இடதாச்சே. எதிர்ல உட்கார்ந்துண்டு வெப்பார், குழம்பக் கூடாதுன்னு அவர் பக்கத்துலேர்ந்து எழுதினேன்.”

“நீ உன் இடதைத்தான் எழுதியிருக்கேன்னு நெனச்சு, அவர் அங்கே வெச்சிருந்தா?”

அக்கா கட்டையை எடுத்து மறுமுனையில் வைத்தாள். இப்போது இரு முனையிலும் ஐந்து, எந்தப் பக்கமானாலும் சரி. 5–1 சிக்கென்று உட்கார்ந்தது. இவள் அவர் நாற்காலியிலிருந்து எழுதியிருக்கிறாள். அவர் இவள் நாற்காலியிலிருந்து படித்திருக்கிறார். “அசடு” என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரை என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்கே எழுதினாள்: ‘1–4, ஜன்னல் பக்கம்.’ பதில் வந்தது: ‘5–0, வாசல் பக்கம்.’

“பஹ்ரைன்ல இருந்துண்டு மாப்பிள்ளை எந்த வாசலைச் சொல்றார்?” என்றார் அப்பா. அக்கா அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு, தேவையே இல்லாத கட்டைகளுக்கும் இருவரும் பக்கம் எழுதினார்கள்.

ஆட்டம் முடிவதற்குள் அத்திம்பேர் திரும்பி வந்துவிட்டார். போன வாரம் நோட்டை அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அத்திம்பேருக்கு வலது காது கேட்பதில்லை. அதனால் அக்கா இப்போது எதிரே உட்காருவதில்லை, அவருக்கு இடப்பக்கம் ஒட்டி உட்காருகிறாள். அவர் சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்து, “இதுல தப்பு யார் பேர்ல?” என்றார்.

“என் பேர்ல” என்றேன். இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அக்காவிடம் திரும்பி, “எந்த இடது?” என்றார்.

“இப்போ ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்” என்று அக்கா அவர் காதில் சொன்னாள்.