வெள்ளெலியின் புண்ணும் என் வாலும்

எனக்கு வால் முளைக்கப்போகிறது என்று நான் சில நாள் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அறிவுக்கு அதைவிடக் குறைந்த வயது.

காரணம் ஒரு வெள்ளெலி. சித்தப்பா பட்டணத்திலிருந்து எனக்காக வாங்கிவந்தது. கவரைப்பேட்டையில் கம்பவுண்டராக இருந்த அவருக்கு இரண்டு பேர்மேல்தான் பக்தி: ஒருவர் முருகன், இன்னொருவர் பென்சிலின். எலியின் காதோரம் புண் வந்ததும் ஒரு பென்சிலின் களிம்பு ட்யூபைக் கொடுத்தார்.

“தடவு. காஞ்சதும் நிறுத்திடு. ஒசந்த மருந்து, வீணாவக் கூடாது.”

அம்மா அவரைவிடக் கெட்டி. புண் லேசாகக் காய்ந்தாலே ட்யூப் அரிசிப் பானைக்குள் போய்விடும். புண் திரும்பி வரும். ட்யூபும் வெளியே வரும். இப்படியே கண்ணாமூச்சி ஆடியதில், களிம்பைக் கண்டாலே புண்ணுக்குக் குஷி பிறந்து எலியின் முதுகெல்லாம் பரவியது. “தூக்கிக் காக்காய்க்குப் போடு” என்றார் அப்பா.

அன்றைக்குத்தான் என் முழங்கையிலும் அதே மாதிரிக் கொப்புளத்தைப் பார்த்தேன். எலியின் புண் வந்தாயிற்று என்றால் மற்றதும் வரிசையாக வரும்தானே? மீசை, வெள்ளை மயிர், வால். சித்திரை வெயிலில் அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அடிக்கடி பின்பக்கம் தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் சித்தப்பாவிடம் போய் அழுதேவிட்டேன்.

“இன்னாடா, வாலா? திரும்பு, பாக்கலாம்.” பார்த்துச் சிரித்தார். “இன்னும் வர்ல. வந்தா டெய்லராண்ட சொல்லி நிஜார்ல ஓட்டை போட்டுக்கலாம். களிம்பு தடவுனியா?”

“தடவுனேன் சித்தப்பா. பெருசாயிடுச்சி.”

சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வெந்நீரில் உப்புப் போட்டு எனக்கு ஒத்தடம் கொடுத்தார். எலியின் புண்ணையும் அதே தண்ணீரை ஆறவைத்துக் கழுவினார். கூண்டு வைக்கோலை எரித்தார், என் துண்டைக் கொதிக்கவைத்தார், கைக்குழந்தையாக இருந்த தங்கையை என் பக்கமே விடவில்லை. தன் கைகளை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார்.

இரண்டு பேருக்கும் புண் ஆறியது. எலி கொழுத்து, வயதாகிப் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு தழும்புதான் மிச்சம்; வால் இல்லை. என் மனைவிக்கு இதில் வேறு அபிப்பிராயம் உண்டு.

விட்டுவிட்டுத் தடவியதில் அந்தக் கிருமி பென்சிலினுக்குப் பழகிவிட்டது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றுதான் அப்போது புரியவில்லை. அவ்வளவு சிரித்த மனிதர், அன்று சாயங்காலம் முருகன் படத்துக்கு முன்னால் ஏன் அத்தனை நேரம் கைகூப்பி நின்றார் என்று. என் வாலுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்து, நானும் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.