என் கத்திக்குத் தப்பிய ராணி

காரமடைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். கூட்டம் பெருகினால் பழைய ராணி பாதித் தேனீக்களோடு கிளம்பிவிடும். அதற்கு முன்பே, அடுத்த ராணிக்காக அடையின் ஓரத்தில் நிலக்கடலை போல ஓர் அறை தொங்கும். கண்ணில் பட்ட அறையையெல்லாம் அறுத்தெறிந்தேன். என்னை விட்டுப் போகக் கூடாதென்ற வீம்பு.

ஒருநாள் காலை பக்கத்துத் தோட்டத்து அக்கா போன் செய்தார். "ஏனுங்க தம்பி, உங்க தேனீயெல்லாம் எங்க கறிவேப்பிலைச் செடியில தொங்குதுங்க. மருந்தடிக்கறத நிறுத்திப்போட்டேன். வெரசா வாங்க."

ஓடினேன். கலக்கிய மருந்து டிரம்மில் அப்படியே இருந்தது. மருந்தடிப்பதற்காக இதே அக்காவிடம்தான் போன மாதம் கத்தியிருந்தேன்.

தேனீக் கொத்தை அட்டைப் பெட்டியில் இறக்கியபடி, "கோவிச்சுட்டு வந்துருச்சுங்கக்கா" என்றேன்.

"இடம் பத்தலைன்னா போகத்தானுங்க செய்யும். எம் பெரியவன் தனிக்குடித்தனம் போனப்ப நானும் இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன்."

திரும்பி வந்து பழைய பெட்டியைத் திறந்தேன். மிச்சத் தேனீக்களுக்கு ராணி இல்லை. என் கையாலேயே அழித்துவிட்டேனே என்று பதறினேன். கடைசி அடையின் மூலையில், நான் கவனிக்காமல் விட்ட ஒரே ஓர் அறை இருந்தது.

அதிலிருந்து வந்த ராணியால் பழைய பெட்டியும், செடியிலிருந்து கொண்டுவந்த பழைய ராணியால் புதுப் பெட்டியும் இன்று நிறைந்திருக்கின்றன. இப்போதெல்லாம் ராணி அறையைப் பார்த்தால், காலிப் பெட்டி ஒன்றைக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன்.