பதினோராவது சுத்தியல்

அவளுடைய வேலை மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடுவது. பதினெட்டு வருடமாக அதே அறை, அதே ஜன்னலோர மேசை. ஊரில் பாதிப் பேருடைய கைகால்கள் அவளுக்கு அத்துப்படி. கடைவீதியில் யாராவது நின்று பேசினால், விரலில் இருக்கும் தழும்பைப் பார்த்த பிறகுதான் ஆள் யாரென்று நினைவு வரும். ஊரே அவளைக் ‘கட்டு அக்கா’ என்று கூப்பிட்டது, அவளைவிட மூத்தவர்கள் உட்பட.

முனகிக்கொண்டு வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவதில் அவள் கெட்டிக்காரி. யார் எதனால் அடிபட்டார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதும் அவள் பொறுப்புதான். வருடக் கடைசியில் அதைத் தொகுத்து வாசல் பலகையில் ஒட்டுவாள். ஏணி, கத்தி, ரம்பம், சுத்தியல் என்று நீளும் அந்தப் பட்டியலைப் படிக்கவே ஒரு கூட்டம் நிற்கும்.

அவளுடைய அத்தான், அக்கா புருஷன், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். துப்பாக்கி சுடும் மன்றத்தின் தலைவரும் அவரே. வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் வைத்திருந்தார். அவற்றைத் துடைக்கிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியாக இருக்கிறது என்று நம்பி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது வெடித்துவிட்டது. குண்டு அவருடைய கால் கட்டைவிரலின் ஓரத்தைச் சீவிக்கொண்டு போய், எதிரிலிருந்த மர நாற்காலியின் சாய்மானத்தில் பாய்ந்து நின்றது. அதில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்கா, பால் பொங்கும் சத்தம் கேட்டு அப்போதுதான் அடுப்படிக்கு எழுந்து போயிருந்தாள்.

தகவல் கேட்டு ஓடிப்போன கட்டு அக்கா அங்கேயே கட்டுப் போட்டாள். ஊசி போட மருத்துவமனைக்கு வந்தபோது, எப்படி ஆயிற்று என்று கேட்டவரிடம் அத்தான் சற்றும் தயங்காமல் சுத்தியல் விழுந்துவிட்டது என்றார். பின்னால் நின்ற அக்கா தங்கையைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினாள். கட்டு அக்கா பேனாவை எடுத்து ‘சுத்தியல்’ என்று எழுதினாள். இத்தனை வருடத்தில் அவள் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருடம் நகர மன்றம் ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியே வைக்க வேண்டும், வைத்திருப்பவர் ஒரு பரீட்சையும் எழுத வேண்டும். அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பொதுக்கூட்டத்தில் எதிர்த்துப் பேச ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார்.

சனிக்கிழமை மாலை நகர மன்றத்தின் கூடம் நிரம்பி வழிந்தது. அத்தான் நன்றாகத்தான் பேசினார். மருத்துவமனைப் பட்டியலை எடுத்து வாசித்தார். ஏணியிலிருந்து விழுந்தவர்கள் நாற்பத்தொரு பேர், காய் நறுக்கும் கத்தி அறுபத்து மூன்று, சுத்தியல் பதினொன்று, துப்பாக்கி ஒன்றுமில்லை. அப்படியானால் ஏணிக்கும் சுத்தியலுக்கும் அல்லவா பூட்டுப் போட வேண்டும் என்று அவர் கேட்டதும் கூடமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் அக்காவும் தங்கையும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டத்தை நடத்திய தலைவி, கணக்கு எழுதியவரே இங்கே இருக்கிறாரே, இது சரிதானா என்று அவரையே கேட்டுவிடலாம் என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. அக்கா தங்கையின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

கட்டு அக்கா எழுந்து நின்றாள்.

“ஒண்ணு தப்பா இருக்குங்க. சுத்தியல் பதினொண்ணு இல்ல, பத்துதான்.”

“அப்ப மிச்சம் ஒண்ணு?” என்றார் தலைவி.

“தப்பா எழுதுனது நான். அதுக்கு என்ன நடவடிக்கையோ எடுத்துக்கோங்க. அது யாருங்கறத மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். கட்டுப் போட்டுக்கிட்டவங்கள நாங்க காட்டிக்கொடுக்கறதில்ல.”

மேடையில் அத்தானுக்கு வியர்த்தது. கையிலிருந்த தாளை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மைக்கை நெருங்கினார்.

“அந்த ஒண்ணு நான்தாங்க. சுத்தியல் இல்ல, துப்பாக்கி.”

கூடம் வெடித்துச் சிரித்தது. குண்டு எங்கே பட்டது என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் விசாரித்தார். அத்தானும் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, அந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னார்.

“சுத்தியல நான் ஓங்கினாத்தான் அது அடிக்கும். இது காலின்னு நெனச்சேன், தானா வெடிச்சிருச்சு. அந்தப் பால் ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பொங்கியிருந்தா இன்னிக்கு நான் இங்க பேசிக்கிட்டு நிக்க மாட்டேன்.”

அவரிடம் கார் கற்றுக்கொண்டிருந்த ஒரு தையல்காரர், பரீட்சை இல்லாமல் தனக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்று நிதானமாகக் கேட்டார். அத்தான், இப்போது ஓட்டுகிற லட்சணத்துக்குப் பரீட்சை வைத்தாலும் கிடைக்காது என்றார். அதோடு சூடு தணிந்தது. பெட்டிக்கும் பரீட்சைக்கும் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். வயல்களில் பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருந்த விவசாயிகள் பெட்டி வாங்க ஆறு மாதத் தவணை கேட்டார்கள்; அதுவும் சரியென்றாயிற்று. துப்பாக்கி மன்றத்துக்காரர்களில் நான்கு பேர் கடைசிவரை எதிர்த்தார்கள். அத்தானிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவர் அவர்களில் ஒருவர்.

திங்கட்கிழமை கட்டு அக்கா பதிவேட்டைத் திருத்தித் தலைமை மருத்துவரிடம் நீட்டினாள். அவர் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அத்தான் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. நான்காவது வாரம் அவரே வாசலில் வந்து நின்றார். பரீட்சைக்கு வகுப்பு எடுக்கச் சொல்லி நகர மன்றம் அவரைத்தான் கேட்டிருந்தது. அடிபட்டால் முதலில் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்த ஆள் வேண்டுமாம்.

“நீ வந்தா நல்லாயிருக்கும்” என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

“வர்றேன் அத்தான். உள்ள வாங்க மொதல்ல.”

முதல் வகுப்புக்கு இருபத்து மூன்று பேர் வந்தார்கள். கார்ப் பாடம் நடக்கும் அதே அறை, சுவரில் அதே சாலைக் குறிகள். கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக அக்காவும் உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியைத் தொடுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை, ஆனால் வீட்டுத் துப்பாக்கிப் பெட்டியின் சாவி அவளிடம்தான். பரீட்சையில் அவளுக்குத்தான் முதல் மதிப்பெண். அத்தான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, அவள் விடைத்தாளை இன்னொரு தடவை திருத்திப் பார்த்தார்.